ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் ஒரு மூடி

முள்ளோடையில் டேங்க் நிரப்பினால்
பெண்ணையாற்றுப் பாலத்தில் நிற்கும்.
எல்லை தாண்டிப் போய் மிச்சம் பிடித்த காசை
தள்ளியே கழித்துவிடு என்பது போல.

தொண்ணூற்று மூன்றாம் வருடத்து சிடி நூறு.
முதலில் முழங்காலுக்குத் தெரியும்,
இழுவை ஒரு மயிரிழை தளரும்.
பிறகு காதுக்கு.
நான்காம் கியரில் இருமல், மூன்றில் விக்கல்,
அப்புறம் செயின் ஓடும் சத்தம் மட்டும்.

ரிசர்வுக்குத் திருப்பினேன். ம்ஹூம்.
பிளக்கைக் கழற்றினேன்:
பட்டினி கிடந்தவன் நாக்கு மாதிரி வெள்ளை.
டியூபைப் பிடுங்கினேன்:
நூலாக இறங்கி, சொட்டாகி,
ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவில்
கரும்பு லாரி ஒன்று
பாலத்தையே கடந்துவிட்டது.

கால் மணி நேரம் விட்டால் தானே கிளம்பும்.
அதுதான் எரிச்சல்.
ஒரேயடியாய்ச் செத்தால்
ஒரு காரணமாவது சொல்லும்.

கிருமாம்பாக்கத்தில் சவரிநாதன்
மூன்று ஞாயிறு கார்ப்பரேட்டரைப் பிரித்தார்.
ஜெட்டை வெயிலுக்கு நேரே பிடித்து
ஒரு கண்ணை மூடிக்கொண்டு துளை தேடினார்.
பிரேக் ஒயரில் ஓர் இழை உருவிக் குத்தினார்.
ஃப்ளோட்டைக் காதோரம் குலுக்கினார்.
டேப்புக்குள் சல்லடையில்
உப்புக்காற்று தின்ற டேங்கின் துரு,
மிளகாய்த்தூளாய்.
தட்டி, ஊதி, மாட்டி, நூற்றெண்பது ரூபாய்.
"இனிமே நின்னா என்னைக் கேளு."
நாலாம் நாள் நின்றது. கேட்டேன்.
சவேராவின் மாதாவைப் பார்ப்பது போல
வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வார்டில் ஜுரச் சார்ட் எழுதும் கையால்
டைரியில் எழுதி வைத்தேன்.
முழு டேங்க்: நாலு கிலோமீட்டர்.
பாதி: பதினொன்று.
அடியில் கொஞ்சம்: வீடு வரைக்கும்.
நிறைய இருந்தால் சீக்கிரம் நிற்கிறது,
குறைய இருந்தால் ஓடுகிறது.
இதை எந்த மெக்கானிக்கிடம் சொல்வது?

செவ்வாய் ராத்திரி, முழு டேங்க்.
பாலத்திலிருந்து தள்ளிக்கொண்டே வந்தேன்.
ஆல்பேட்டையில் டார்ச் அடித்தார் ஏட்டு வேதவல்லி.
ஓடாத வண்டியில் வருகிறவனை விட
சந்தேகத்துக்குரியவன் யார்?
"டேங்க்ல என்ன?"
"பெட்ரோல் மேடம்."
"எல்லாரும் அதத்தான் சொல்றானுங்க. தொற."

சாவியைத் திருப்பினேன்.

ஸ்ஸ்ஸ்ஸ்...

அவர் ஓரடி பின்னால் போனார். நானும்.
வெளியே வந்த சத்தமில்லை அது,
உள்ளே போனது.
குனிந்து மோந்து பார்த்துவிட்டு
"பெட்ரோல்தான்" என்றார், கொஞ்சம் ஏமாற்றமாக.

எனக்கோ பன்னிரண்டாம் நம்பர் பெட்
கண்ணில் வந்து நின்றது.
கவிழ்ந்து தொங்கும் சலைன் பாட்டில்,
தலையில் காற்றுக்கு ஓர் ஊசி குத்தாவிட்டால்
பாட்டில் நிறைய இருந்தும் இறங்காத தண்ணீர்.
பதினோரு வருடமாய்
ஒரு நாளைக்கு இருபது தரம் குத்துகிறேன்.

மூடியைத் திருப்பினேன்.
போன ஐப்பசியில் பெட்ரோலில் மழைத்தண்ணீர் சேர
அந்தப் பொட்டுத் துளையை
எம்சீல் உருட்டி அடைத்தவன் யாரோ இல்லை.
அடைத்ததோடு விடாமல்
விரலை நனைத்து மழமழவென்று தேய்த்தும் வைத்திருந்தேன்.

ஸ்க்ரூடிரைவரால் பெயர்த்தேன்.
துளைக்குள் மிச்சம் இருந்தது.
"ஊக்கு இருக்கா மேடம்?"
டார்ச்சை என் முகத்திலேயே வைத்துக்கொண்டு
இன்னொரு கையால் தோள்பட்டையிலிருந்து
ஒன்றைக் கழற்றித் தந்தார்.

ரெண்டாவது உதையில் பிடித்தது.
நின்றுவிடுமோ என்ற பயத்தில்
மஞ்சக்குப்பம் வரை கியர் மாற்றவில்லை.
வீட்டில் சட்டையைக் கழற்றும்போதுதான்
பையில் ஊக்கு குத்தியது.

நேற்று மறுபடி முழு டேங்க்.
பாலம் வந்தது, போனது.
செக்போஸ்ட்டில் நானாகவே நிறுத்தினேன்.
டியூட்டியில் வேறு ஆள்.
உள்ளங்கையில் ஊக்கோடு நிற்கிறவனை
மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்:
"டேங்க்ல என்ன?"